பனோரமாவுக்கு 50 மி.மீ. மட்டும்தானா?

மலைமுகடு: நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "பனோரமாவுக்கு (பல ஷாட்டை ஒட்டிச் செய்யும் அகலப் படத்துக்கு) 50 மி.மீ. லென்ஸ்தான். அதற்குக் கீழே போனால் பாரலாக்ஸ் வந்து படம் பிளந்துவிடும்." பாரலாக்ஸ் மி.மீ.யால் வருவதில்லை. பக்கத்துப் பொருள் தூரத்துப் பொருளை விட்டு நகர்ந்து தெரிவதுதான் பாரலாக்ஸ்; அது கேமராவை எந்தப் புள்ளியில் வைத்துச் சுழற்றுகிறோம் என்பதால் வருவது.

ஐம்பதான்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். கொழுக்குமலையில் 24 மி.மீ. லென்ஸை மாட்டிப் பாருங்கள், அது அகலமாகப் பிடிக்கும், காலடிப் பாறை ஃபிரேமுக்குள் வந்துவிடும். ஒட்டும்போது பாறை இரண்டாகத் தெரியும். 50-ல் அந்தப் பாறையே வராது. அப்புறம் பாரலாக்ஸ் எங்கிருந்து வரும்?

மலைமுகடு: பாரலாக்ஸ் போகவில்லை, பாறைதான் போயிருக்கிறது. 50-ஐக் கீழே சாய்த்து அதே பாறையை எடுங்கள், அப்போதும் பிளக்கும். மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தலையைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரை விட்டு விரல் நகரும். கண்ணுக்கு என்ன லென்ஸ் மாற்றினீர்கள்?

தேயிலைக்காடு: 180 டிகிரிக்கு எத்தனை ஷாட் வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன். தொட்டபெட்டாவில் மேகம் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஐம்பதான்: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு ஷாட் அடுத்ததன் மேல் 30 சதவீதம் படியும்படி ஓவர்லாப் விட்டால் 50-ல் பத்து ஷாட். 24-ல் ஐந்து. ஆனால் 24 மெகாபிக்சலில் 50 கொடுப்பது கிட்டத்தட்ட 26,000 பிக்சல் அகலம். 24-ல் அதில் பாதிகூடத் தேறாது. பிரிண்ட் போட்டவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

மலைமுகடு: அந்தப் பாதியே 12,500 பிக்சல், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் போட்டால் மூன்றரை அடி. உங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு நீளம்? பத்து ஷாட் முடிவதற்குள் மேகம் நகர்ந்து, ஒட்டிய படத்தில் ஒரே மேகம் இரண்டு தடவை நிற்கும். சரி, அதை விடுங்கள். பாரலாக்ஸ் மி.மீ.யால் வருவதில்லை. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஐம்பதான்: போன போட்டியில் என் படத்தில் 'அடிவானம் வளைந்திருக்கிறது' என்று எழுதியவர்தானே நீங்கள்?

மலைமுகடு: வளைந்துதான் இருந்தது. டிரைபாடை மட்டம் பார்க்காமல் கேமராவைச் சுழற்றினால் அப்படித்தான் வரும். அதற்கும் 50 மருந்தா?

கருப்புவெள்ளை: ரெண்டு பேரும் முதலில் வானத்தைக் கறுக்க வைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றுங்கள். வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துக் கிடக்கிறது. மற்றதை லைட்ரூம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

ஐம்பதான்: காசு கொடுத்து வாங்கிய லைட்ரூமா, கிராக்கா?

கருப்புவெள்ளை: என் லைசென்ஸைக் கேட்க நீங்கள் யார்? படம் ஒட்டும் ஹியூஜின் மென்பொருள் இலவசம், அதில் ஒட்டிக் காட்டட்டுமா?

மலைமுகடு: எதில் வேண்டுமானாலும் ஒட்டுங்கள். பாரலாக்ஸ் மி.மீ.யால் வருவதில்லை.

தேயிலைக்காடு: என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவும் 18-55 கிட் லென்ஸும்தான். ஜூமை எதில் வைப்பது?

ஐம்பதான்: 35-ல் வையுங்கள் தம்பி. கிராப்பில் அதுதான் 50-க்குச் சமம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

மலைமுகடு: கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கிறார் போல. தம்பி, ஜூமைத் திருப்பினால் சுழற்ற வேண்டிய புள்ளியும் இடம் மாறும். 35-ல் வைத்தால் கேமராவை முன்பின் நகர்த்தும் ரெயிலை 35-க்குச் சரிசெய்யுங்கள், 18-ல் வைத்தால் 18-க்கு. அதைச் சொன்னாரா அவர்?

ஐம்பதான்: ரெயிலே இல்லாமல் கையில் பிடித்து எடுத்த என் படத்தைப் போடுகிறேன், பிளவு எங்கே என்று காட்டுங்கள்.

மலைமுகடு: போடுங்கள். முன்னால் பாறை இருக்கிற படமாகப் போடுங்கள்.