அவசரம்!! டோக்கன் எடுக்கவில்லை, யாராவது உதவுங்கள்

தாலுகா_ஆபரேட்டர் | 18 நவம்பர் 2025, காலை 10:42
நேற்று மாலை வரை நன்றாக இருந்தது. இன்று காலையிலிருந்து டோக்கன் எடுக்கவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டிவிட்டேன், சிஸ்டத்தை நாலு தடவை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். 140 வருமானச் சான்று பெண்டிங். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வாசலில் நிற்கிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும்.

இ-சேவை_அக்கா | 10:49
எந்த டோக்கன் தம்பி? வரிசை டோக்கனா, கையெழுத்து டோக்கனா?

பழைய_பென்டியம் | 10:55
கையெழுத்து டோக்கன் (அதிகாரியின் மின்கையொப்பம் இருக்கிற யூஎஸ்பி குச்சி) என்றே வைத்துக்கொள்வோம். "எடுக்கவில்லை" என்றால் என்ன? விளக்கு எரியவில்லையா? பின் எண் (ரகசிய எண்) கேட்கவில்லையா? சான்றிதழ் தெரியவில்லையா? எல்லாம் வந்தும் கையெழுத்து விழவில்லையா? நான்கும் நான்கு வியாதி. எந்த விண்டோஸ், எந்த பிரவுசர், திரையில் வந்த பிழைச்செய்தி என்ன, ஒன்றும் இல்லை. இந்தப் பகுதியின் தலையிலேயே "கேள்வி கேட்பது எப்படி" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை.

டோனர்_தீர்ந்தது | 10:58
விண்டோஸ் 10 தானே சார்? அக்டோபர் 14உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. அதுதான் காரணம். 11 போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய_பென்டியம் | 11:01
ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அதற்காக யூஎஸ்பி துளை செத்துப்போகாது. ஒரு மாதம் ஓடியது நேற்று ராத்திரி திடீரென்று நின்றதா?

கீபோர்டு_வாத்தியார் | 11:04
டோக்கன் மென்பொருளில் "இனிஷியலைஸ்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்துங்கள். எங்கள் ஆபீசில் இப்படித்தான் சரியானது.

இ-சேவை_அக்கா | 11:05
தயவுசெய்து அழுத்திவிடாதீர்கள்!! அழுத்தினால் டோக்கன் காலி. உள்ளே இருக்கிற தனிச்சாவி (கையெழுத்தை உருவாக்கும் ரகசியக் குறியீடு) அழிந்தால் போனதுதான், அதை நகல் எடுத்து வைக்க வழியே இல்லாமல்தான் டோக்கனைச் செய்திருக்கிறார்கள். மறுபடி விண்ணப்பம், அடையாளச் சரிபார்ப்பு, வீடியோ என்று முதலிலிருந்து வரவேண்டும். பின் எண்ணையும் ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். தொடர்ந்து தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும்.

கீபோர்டு_வாத்தியார் | 11:09
எங்களுக்குச் சரியானது என்றுதான் சொன்னேன்.

பழைய_பென்டியம் | 11:10
உங்களுடையது புது டோக்கனாக இருந்திருக்கும். காலிப் பானையைக் கவிழ்த்தால் என்ன கொட்டப் போகிறது?

தாலுகா_ஆபரேட்டர் | 11:31
மன்னிக்கவும், கவுண்டரில் கூட்டம். விண்டோஸ் 10, குரோம். விளக்கு எரிகிறது. டோக்கன் மென்பொருளைத் திறந்தால் சான்றிதழ் தெரிகிறது, 2026 வரை செல்லும். சான்று வழங்கும் போர்ட்டலில் (இணையதளத்தில்) ஒப்புதல் கொடுத்தால் மட்டும் "டோக்கன் இணைக்கப்படவில்லை" என்று வருகிறது. துணை வட்டாட்சியர் மேடத்தின் டோக்கன். மேடம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்த வேலையாக வெளியே இருக்கிறார். பின் எண் என்னிடம் இருக்கிறது, அதனால் அதில் பிரச்சினை இல்லை.

ஓய்வுபெற்ற_தலைமை_எழுத்தர் | 11:36
கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அதுதான் தம்பி பிரச்சினையே. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42: தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கச் சான்றிதழ்தாரர் தக்க கவனம் எடுக்க வேண்டும். பிரிவு 66சி: அடுத்தவரின் மின்கையொப்பத்தைப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

டோனர்_தீர்ந்தது | 11:40
66சி-யில் "மோசடியாக அல்லது நேர்மையின்றி" என்று இருக்கிறது சார், அதை விட்டுவிட்டீர்கள். பிள்ளைகளுக்குச் சான்று போவது மோசடியா? மேடம் ஒரே ஆள். திருத்த வேலைக்கும் போகவேண்டும், 140 கோப்பையும் திறந்து பார்க்கவேண்டும். நடக்கிற காரியமா? உங்கள் காலத்தில் முத்திரை யார் மேசையில் இருந்தது?

ஓய்வுபெற்ற_தலைமை_எழுத்தர் | 11:47
என் மேசையில்தான். ஆனால் முத்திரைக்கு மேலே கையெழுத்து என்று ஒன்று இருந்தது, அதை அதிகாரிதான் போட்டார். இப்போது அந்த யூஎஸ்பி குச்சியே கையெழுத்து. வி.ஏ.ஓ. பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, துணை வட்டாட்சியர் பார்த்து என்று மூன்று கண் வைத்தது எதற்கு? மூன்றாவது கண் ஆபரேட்டருடையது என்றால் ஒரு படி காணாமல் போய்விட்டது. நாளைக்கு ஒரு போலிச் சான்று வெளியே போனால் கணினியில் மேடம் பெயர் நிற்கும், விசாரணையில் இந்தத் தம்பி நிற்பார். அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

கன்னி_லினக்ஸ் | 11:52
இதற்கெல்லாம் மூலகாரணம் விண்டோஸ். நம் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இருக்கும்போது அரசு அலுவலகங்கள் ஏன் இன்னும்

டோனர்_தீர்ந்தது | 11:54
வந்துவிட்டார். விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு அதைப் போட்டுத்தான் கொடுத்தார்கள். எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்?

கன்னி_லினக்ஸ் | 11:56
நான் திறந்தேன். இன்றைக்கும் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன்.

ரிமோட்_ராஜா | 11:58
சகோ, எனிடெஸ்க் எண் அனுப்புங்கள், இங்கிருந்தே உங்கள் கணினிக்குள் வந்து 5 நிமிடத்தில் முடித்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இ-சேவை_அக்கா | 12:01
தம்பி, அனுப்பாதீர்கள். இந்தச் சகோதரர் நல்லவராகவே இருக்கட்டும். டோக்கன் மாட்டியிருக்கிற அரசுக் கணினியை முகம் தெரியாதவருக்குத் திறந்துவிடுவது, பீரோ சாவியைப் பேருந்து நிலையத்தில் கொடுப்பது மாதிரி.
சரி, வேலைக்கு வருவோம். குரோம் எந்தப் பதிப்பு? "உதவி", அப்புறம் "குரோம் பற்றி". இன்னொன்று, பயர்பாக்ஸ் இருந்தால் அதில் ஒரு கோப்புக்கு மட்டும் முயன்று பாருங்கள்.

தாலுகா_ஆபரேட்டர் | 12:20
குரோம் 142. பயர்பாக்ஸில் போகிறது!! எப்படி?

இ-சேவை_அக்கா | 12:28
அப்படியென்றால் டோக்கனும் நலம், டிரைவரும் நலம். போர்ட்டல் பக்கம் யூஎஸ்பி டோக்கனோடு நேராகப் பேசாது. உங்கள் கணினியிலேயே பின்னால் ஒரு சின்னக் கையொப்ப மென்பொருள் ஓடும் (கடிகாரத்துக்குப் பக்கத்தில் குறி தெரியும்). போர்ட்டல் அதைக் கூப்பிடும், அது டோக்கனைக் கூப்பிடும். 142இலிருந்து, ஒரு வலைத்தளம் உங்கள் கணினிக்குள்ளோ உள் நெட்வொர்க்குக்குள்ளோ இப்படி எட்டிப் பார்க்க வந்தால் குரோம் உங்களிடம் அனுமதி கேட்கும். கண்ட தளமும் உள்ளே துழாவக்கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடுதான். அந்தக் கேள்விக்கு "பிளாக்" கொடுத்திருந்தால், போர்ட்டல் கூப்பிட்டும் பதில் வராது. டோக்கனே இல்லை என்று அது நினைத்துக்கொள்ளும்.
போர்ட்டலைத் திறந்து, முகவரிக்கு இடது ஓரத்துக் குறியை அழுத்தி, தள அமைப்புகளில் "லோக்கல் நெட்வொர்க்" என்பதை "அலவ்" ஆக்கிப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அந்தப் போர்ட்டலுக்கு மட்டும். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட வேண்டாம்.

பழைய_பென்டியம் | 12:33
பிரவுசராக இருக்கும் என்றுதான் 10:55க்கே கேட்டேன்.

கீபோர்டு_வாத்தியார் | 12:35
நான்கு கேள்வியில் ஒன்றாகக் கேட்டீர்கள் சார்.

தாலுகா_ஆபரேட்டர் | 1:06
வந்துவிட்டது. நன்றி அக்கா. நேற்று மாலை கிளம்பும்போது குரோம் புதுப்பித்து ஏதோ ஒரு பெட்டி வந்தது, ஏதாவது வைரஸாக இருக்கும் என்று வேண்டாம் கொடுத்தேன். சாப்பிடப் போகவில்லை, 60 முடித்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற_தலைமை_எழுத்தர் | 1:15
மகிழ்ச்சி தம்பி. அந்த 60ஐயும் மேடம் பார்த்தாரா?

ஓய்வுபெற்ற_தலைமை_எழுத்தர் | மாலை 6:40
தம்பி?

பழைய_பென்டியம் | 19 நவம்பர், காலை 9:12
தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்கவும். "டோக்கன் எடுக்கவில்லை" என்பதையும் மாற்றவும். டோக்கன் எடுத்தது. குரோம்தான் விடவில்லை.