குட்டி போட்ட தெருப்பூனைக்குப் பசும்பாலா? மாம்பலத்தாருக்கு மறுப்பு

பெரம்பூர்வாசி:
குடியிருப்போர் இழையில் மாம்பலத்தான் நேற்று ஓர் அறிவுரை வழங்கியிருக்கிறார். "தெருவில் குட்டி போட்ட பூனையைக் கண்டால் காலையும் மாலையும் ஒரு கிண்ணம் பசும்பால் வையுங்கள். பால் குடித்தால்தான் பால் சுரக்கும். வேறொன்றும் வேண்டாம்." அதற்குக் கீழே வரிசையாக நன்றிகள் வேறு. படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

என் வீட்டுப் பின்கட்டில் இப்போது ஒரு தாய்ப்பூனை நான்கு குட்டிகளோடு இருக்கிறது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே கிடந்ததைத் தூக்கி வந்தோம். அந்தத் தெருவிலும் யாரோ நல்ல மனதோடு தினமும் பால் ஊற்றியிருக்கிறார்கள். பூனையின் வாலடியில் மஞ்சள் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக விரலுக்குத் தட்டுப்பட்டது. பிடரித் தோலைப் பிடித்து விட்டால் அப்படியே நின்று, மெதுவாகத்தான் அமர்ந்தது. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம் அது. நான்கு வாய்க்குப் பால் தர வேண்டிய உடம்பு!

வளர்ந்த பூனைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும், கழிச்சல் வரும். தயவுசெய்து அந்த வரியை நீக்குங்கள்.

மாம்பலத்தான்:
பெரம்பூர் அம்மையாருக்கு வணக்கம். எங்கள் கும்பகோணத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்குப் பால்தான். ஒரு பூனைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வடிகால் ஓரத்தில் கிடந்த பூனை எதைத் தின்றதோ, பழி பாலின்மேல். நாலு பக்கம் படித்துவிட்டால் பாட்டி சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமா? வரியை நீக்க மாட்டேன்.

பெரம்பூர்வாசி:
உங்கள் வீட்டுப் பூனை குதிரடியிலும் பரணிலும் எலி பிடித்துத் தின்றது. வயிறு நிறைந்தது எலியால், பால் மேல்வரும்படி. எங்கள் தெருப் பூனைக்குக் கிடைப்பது குப்பைத்தொட்டியில் ஊறிய சோறு. அதன்மேல் நீங்கள் பாலை ஊற்றி, வேறொன்றும் வேண்டாம் என்கிறீர்கள். பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, குட்டிகள் அதிகமானால் அதற்கும் மேல் உணவு வேண்டும். அது இறைச்சியாகவோ மீனாகவோ இருக்க வேண்டும். பால் சுரக்கப் புரதமும் தண்ணீரும்தான் தேவை.

கொரட்டூர் கணக்கர்:
ஒரு சந்தேகம். தாய்ப்பூனையின் பாலிலும் லாக்டோஸ் இருக்கிறது. அதைக் குடிக்கும் குட்டிகளுக்கு மட்டும் ஏன் கழிச்சல் வருவதில்லை? லாக்டோஸ் விஷமென்றால் எல்லாருக்கும் விஷம்தானே?

பெரம்பூர்வாசி:
விஷம் என்று நான் எழுதவே இல்லை, கணக்கரே. குட்டிக்கு அந்த நொதி இருக்கிறது, பால்குடி மறக்க மறக்கக் குறைகிறது. நான் பேசுவது தாய்ப்பூனையைப் பற்றி. குட்டிக்கும் பசும்பால் சரிப்படாது, ஆனால் காரணம் வேறு. பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசும்பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு நிரம்பும், எடை ஏறாது.

கொரட்டூர் கணக்கர்:
முதலில் லாக்டோஸ் என்றீர்கள், இப்போது புரதம் என்கிறீர்கள். ஒரு நிலையில் நில்லுங்கள்.

புரசைவாக்கம் மாமி:
எந்தப் பால் என்று யாருமே கேட்கவில்லையே? நீல பாக்கெட் பாலை வைத்துவிட்டுப் பால் ஆகாது என்று சொன்னால் எப்படி? நான் வைப்பது பச்சை பாக்கெட். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைக்கிறேன். எங்கள் வாசலுக்கு வரும் வெள்ளைப் பூனை கொழுகொழுவென்று இருக்கிறது.

கொரட்டூர் கணக்கர்:
மாமி, ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3, ஆரஞ்சில் 6. சர்க்கரை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீர் கலந்தால் சர்க்கரை குறையும், ஆனால் பெரம்பூர் அம்மா சொல்லும் புரதமும் குறையும். ஆகவே இருவரும் தவறு.

மாம்பலத்தான்:
ஆரஞ்சு பாக்கெட் வைக்கலாம் என்று கணக்கரே ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி.

கொரட்டூர் கணக்கர்:
எங்கே ஒப்புக்கொண்டேன்?

பெரம்பூர்வாசி:
பாக்கெட்டின் நிறம் இங்கே கேள்வியே அல்ல. மாமி, உங்கள் வெள்ளைப் பூனை நாலு வீட்டில் சாப்பிடுகிறது, அதனால் கொழுத்திருக்கிறது. சில பூனைகளுக்குக் கொஞ்சம் பால் ஒத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் இளைத்துப்போய், கழிச்சலோடு, குட்டிகளுக்குப் பால் தரும் பூனையிடம் போய் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்ப்பீர்களா?

என் வீட்டில் கொடுப்பதைச் சொல்கிறேன். தோலும் உப்பும் இல்லாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் ஈரல். காசிமேட்டிலிருந்து வரும் மத்தி அல்லது நெத்திலி, வேகவைத்து முள் எடுத்தது. பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அந்த மீன்களில் உள்ள ஒரு நொதி உடம்பிலிருக்கும் தயமின் என்ற பி வைட்டமினை அழித்துவிடும், வெந்தால் அந்த நொதி போய்விடும். வெங்காயம், பூண்டு தாளித்த எதுவும் கிடையாது. பூனைக்குட்டிகளுக்கென விற்கும் உலர்தீனியை வெந்நீரில் ஊறவைத்துத் தாய்க்கும் கொடுக்கலாம். அதில் சத்து கூடுதல். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர்.

திருவான்மியூர்க்காரர்:
பால் இருக்கட்டும். நீங்கள் செய்த முதல் தவறு அடைத்து வைத்தது. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும், இது ஊரறிந்த விஷயம். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும். இயற்கையில் தலையிடுவதற்கு மீட்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

பெரம்பூர்வாசி:
ஐயா, எண்ணி ஏழு வீடு என்று எந்தப் பூனையும் போவதில்லை. இடம் அழுக்கானால், நாய் மோப்பம் பிடித்தால், ஆள் நடமாட்டம் கூடினால் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். ஓர் அட்டைப்பெட்டி, பழைய பருத்திப் புடவை, பாதி இருட்டு, தொந்தரவில்லாத மூலை, இவ்வளவு கிடைத்தால் அங்கேயே இருக்கிறது. கை பட்டதாலேயே ஒதுக்கிவிடும் என்பதும் உண்மையில்லை. முதல் வாரம் அளவோடு தொட வேண்டும், அவ்வளவுதான். நான் தினமும் சமையல் தராசில் வைத்து எடை பார்க்கிறேன். பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம். நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஏதோ கோளாறு.

வந்து பாருங்கள், ஒவ்வொரு குட்டியும் தன் காம்பைத்தான் தேடிப் போகிறது. கண்ணே திறக்காத வயதில், மற்றதை முகத்தால் தள்ளிவிட்டு, இரண்டு முன்னங்காலாலும் வயிற்றைப் பிசைந்து குடிக்கிறது. கடைக்குட்டிக்கு வாய்த்த காம்பில் பால் குறைவு. அதன் எடைதான் நின்றுவிட்டது. இதையும் பார்த்துக்கொண்டு ஒரு கிண்ணம் பால் போதும் என்று எப்படிச் சொல்வேன்?

மாம்பலத்தான்:
பார்த்தீர்களா, பால் குறைவு என்று அவரே சொல்கிறார். பால் குடித்தால்தான் பால் சுரக்கும் என்பதும் அதனால்தான். மேலும் ஈன்ற பூனைக்குக் கால்சியம் குறைந்து கைகால் வெட்டி இழுக்கும் நோய் உண்டு, தெரியுமா? கால்சியம் பாலில் இருக்கிறது. இதற்கு என்ன பதில்?

பெரம்பூர்வாசி:
அந்த நோய் உண்டு. நடுக்கம், தள்ளாட்டம், மூச்சிரைப்பு, பிறகு வலிப்பு. அப்படி வந்தால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றுவார்கள். நடுங்கிக்கொண்டிருக்கும் பூனைக்கு முன்னால் நீங்கள் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது செத்துவிடும். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மருத்துவமனையும் அங்கேயே இருக்கிறது. சந்தேகமிருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். அதற்கு முன்னால் வரியை நீக்குங்கள்.

மாம்பலத்தான்:
எதற்கெடுத்தாலும் மருத்துவமனை. ஏழைபாழைகள் பூனை வளர்க்கவே கூடாதா? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின்போதும் இப்படித்தான். மனிதர்களுக்குப் படகு கேட்டு நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம், நீங்கள் பூனைக்குக் கூடை கேட்டீர்கள். நான் மறக்கவில்லை.

பெரம்பூர்வாசி:
நானும் மறக்கவில்லை. மொட்டைமாடியில் நனைந்துகொண்டிருந்த பூனைகளுக்கு ஒரு பழைய கூடை கேட்டேன். படகு கேட்கவில்லை. "பூனைக்கு ஒன்பது உயிர், ஒன்று போனால் என்ன" என்று எழுதியது நீங்கள். அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

புரசைவாக்கம் மாமி:
பழையதை எதற்குக் கிளறுகிறீர்கள்? என் கேள்விக்குப் பதில் வரவில்லை. மோர் கொடுக்கலாமா?

திருவான்மியூர்க்காரர்:
எங்கள் குடியிருப்பில் ஒருவர் இப்படித்தான் ஒரு பூனைக்குச் சோறு வைக்க ஆரம்பித்தார். இப்போது வாகன நிறுத்துமிடம் முழுக்கப் பூனை. அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் பிடித்து ஊருக்கு வெளியே விடத் தீர்மானம் போடப்போகிறோம்.

பெரம்பூர்வாசி:
போடுங்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருகாமல் இருக்க வழி கருத்தடை அறுவை சிகிச்சை. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே பூனை மறுபடியும் சினையாகும், ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் அடுத்த ஈடு. அதனால்தான் தாயை வெளியே விடாமல் வைத்திருக்கிறேன். நாலாவது வாரத்தில் குட்டிகளுக்குக் கூழாக உணவு காட்டி, எட்டாவது வாரவாக்கில் பால்குடி மறந்ததும் தாய்க்கு அறுவை சிகிச்சை. உங்கள் கூட்டத்தில் பணம் பிரித்து இதைச் செய்யலாமே?

திருவான்மியூர்க்காரர்:
அடைத்து வைத்தது போதாதென்று அறுவை சிகிச்சை வேறு. தாய்மையைப் பறிப்பதுதான் உங்கள் ஜீவகாருண்யம் போலும்.

பெரம்பூர்வாசி:
வடிகாலில் மிதக்கும் குட்டிகளை நீங்கள் எடுத்துப் புதைத்திருக்கிறீர்களா? நான் எடுத்திருக்கிறேன். என்னிடம் தாய்மையைப் பற்றிப் பேச வேண்டாம்.

எழும்பூர் மாணவி:
மன்னிக்கவும், ஓர் அவசரம். எங்கள் விடுதிப் படிக்கட்டடியில் கண் திறக்காத ஒரு குட்டி கிடக்கிறது. தாயைக் காணவில்லை. குட்டி சில்லென்று இருக்கிறது. பால் வாங்கப் போகட்டுமா?

மாம்பலத்தான்:
கடையில் வாங்கிக் காய்ச்சி ஆறவைத்துப் பஞ்சில் நனைத்துக் கொடு, மகளே.

பெரம்பூர்வாசி:
வேண்டாம் மகளே! சில்லென்ற குட்டிக்கு எதையுமே ஊட்டக் கூடாது, செரிக்காது. முதலில் சூடு. பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் விடு. பெட்டியைப் படிக்கட்டருகே வைத்துத் தள்ளி நின்று கவனி, தாய் இரை தேடப் போயிருக்கலாம். வரவே இல்லையென்றால் குட்டிகளுக்கான பால்பொடி வாங்கு. உடம்பு சூடேறிய பிறகு, குப்புறப் படுக்கவைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடு. மல்லாத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டியதும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றின் கீழே தடவு. சுமார் மூன்று வாரம் வரை தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது, தாய் நக்கித்தான் கழிக்கவைக்கும்.

மாம்பலத்தான்:
பால்பொடியும் பால்தானே? கடைசியில் பாலுக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள்.

கொரட்டூர் கணக்கர்:
அதில் என்ன இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள். லாக்டோஸ் எத்தனை சதவீதம்?

பெரம்பூர்வாசி:
இங்கே ஒரு குட்டி குளிரில் கிடக்கிறது, உங்களுக்குச் சதவீதம்! மகளே, இவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, முதலில் வெந்நீர் வை. மாம்பலத்தாரே, உங்கள் வரியைப் படித்துவிட்டு இந்தப் பெண் பால் வாங்கப் போயிருந்தால்?

மாம்பலத்தான்:
போயிருந்தால் குட்டி பசியாறியிருக்கும். வரி அங்கேயேதான் இருக்கும், நீக்க மாட்டேன்.

புரசைவாக்கம் மாமி:
மோர் கொடுக்கலாமா என்று கேட்டேனே?