இருமல் நின்றது, தூக்கம் போய்விட்டது: மான்டெலுகாஸ்ட் மாத்திரையால் இப்படி ஆகுமா?

நூலிழை:
வணக்கம். எனக்கு 12 வயதிலிருந்து ஆஸ்துமா, இப்போது 41. காலையும் இரவும் புடெசோனைடு-ஃபார்மோட்டெரால் இன்ஹேலர், மூச்சு முட்டினால் சால்பியூட்டமால். இது பல வருடப் பழக்கம். இரவு இருமல் விடவே இல்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் டாக்டர் 10 மி.கி. மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் சேர்த்தார். இருமல் நின்றது உண்மை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தவள் ஒரு தலையணைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து கனவு. கிணற்றுக்குள்ளிருந்து என் மகள் கூப்பிடுகிறாள், கயிறு என் கையில் இருக்கிறது, விரல்களை விரிக்க முடியவில்லை. திடுக்கிட்டு எழுந்தால் மணி 2:40. அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது. பகலில் தொட்டதற்கெல்லாம் எரிச்சல். போன வாரம் அவள் பென்சில் சீவிய தூளைத் தரையில் கொட்டிவிட்டாள். அதற்குப் போய் நான் கத்திய கத்தலில், பென்சில் ஒரு கையிலும் ஷார்ப்னர் ஒரு கையிலுமாக அப்படியே நின்றுவிட்டாள். அழக்கூட இல்லை. அந்த முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நான் இப்படிப்பட்டவள் இல்லை.

கை நடுக்கமும் இருக்கிறது. சால்பியூட்டமால் இரண்டு முறை இழுத்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஊசியில் நூல் கோக்க வராது. தையல்தான் என் தொழில். குரலும் கம்மிப்போய்க் கிடக்கிறது.

வீட்டில் "வயசாகுது, வேலைச் சுமை" என்கிறார்கள். மருந்தால் மனசு இப்படி மாறுமா? எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பார்க்கலாமா?

கார்மேகம்:
அக்கா, மாறும். என் பையனுக்கு 7 வயதில் இதே மருந்தின் 5 மி.கி. மெல்லும் மாத்திரை கொடுத்தார்கள். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடி எங்களையே யாரென்று தெரியாமல் பார்ப்பான். பள்ளிக்கூடப் பயம் என்று நினைத்து அவனிடமே மாதக்கணக்கில் கேள்வி கேட்டோம், பாவம். டாக்டர் மாத்திரையை நிறுத்திய இரண்டே வாரத்தில் பழையபடி தூங்கினான். என் தங்கை அதே மாத்திரையை 4 வருடமாகச் சாப்பிடுகிறாள், அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மருந்துப்பெட்டி:
சகோதரி, நான் மருந்தாளுநர். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலையும் இரவும் நீங்கள் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டுதான் (புடெசோனைடு) மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைத்திருக்கிறது. அதை விட்டால் வீக்கம் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

நீங்கள் சொல்லும் தொல்லைகள் மூன்றும் வேறு வேறு மருந்தின் வேலையாக இருக்கலாம். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட மான்டெலுகாஸ்ட்டால் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே 2020 மார்ச்சில் அதன் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. எனவே நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள். உயிரை விடலாம் என்பது போன்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள். நிறுத்திய பிறகும் சிலருக்குச் சில நாள் இந்தத் தொல்லை தொடரும், அதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

நடுக்கம் சால்பியூட்டமால் தசையையும் தூண்டுவதால் வருவது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் வாரத்தில் எத்தனை நாள் அதை இழுக்கிறீர்கள்? அடிக்கடி தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். குரல் கம்முவது ஸ்டீராய்டு தொண்டையில் படிவதால். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்காதீர்கள். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

தென்றல்வழி:
இடையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் சாப்பிட்டீர்களா அக்கா? அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், காரணமில்லாமல் கோபம் வரும். எனக்குக் காலையில் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், இரவுத் தூக்கம் கொஞ்சம் தப்பியது.

நூலிழை:
இல்லை தம்பி, அந்த மாத்திரை சாப்பிடவில்லை.

எல்லோருக்கும் நன்றி. கனவு வந்த தேதிகளை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படித்துப் பார்த்து மான்டெலுகாஸ்ட்டை நிறுத்தினார். இன்ஹேலரை என் கண்முன்னால் இழுத்துக் காட்டு என்றார். இழுத்ததும் உடனே மூச்சை விட்டுவிடுகிறேனாம், இத்தனை வருடமாக! பத்து வினாடி அடக்கச் சொன்னார். அவசரத்துக்கும் அதே இன்ஹேலரை இழுக்கலாம் என்று சால்பியூட்டமாலைக் குறைத்திருக்கிறார்.

இன்றோடு 11 இரவு. கனவு ஒரு முறைதான் வந்தது. இருமல் இரண்டு நாள் எட்டிப்பார்த்தது. குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

நேற்று மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினாள். ஒரு துணுக்குகூடக் கீழே விழாமல் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொட்டினால் கொட்டட்டும், அப்புறம் சேர்ந்து பெருக்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கையைப் பிரித்துவிட்டேன்.