பல சமயப் பண்டிகைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இந்து, இஸ்லாமிய, கிறித்தவ, பௌத்த, சீக்கியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும், எந்தச் சமயத்தையும் பின்பற்றாத வீட்டுப் பிள்ளைகளும் என் வகுப்பில் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். மாதம் ஒரு பண்டிகை என்று அறிமுகப்படுத்த இந்த ஆண்டு பள்ளி முடிவு செய்திருக்கிறது.

வகுப்பறையை அலங்கரிப்பது, அந்தச் சமயத்தாரைப் போல உடையணிவது, ஒரு பாட்டுப் பாடுவது என்பதே இதுவரை எங்கள் பள்ளியின் வழக்கம். எனக்கு இதில் இரண்டு கவலைகள் உள்ளன. தம் பிள்ளை வேறொரு சமயத்தின் வழிபாட்டில் பங்கேற்க வேண்டியிருக்குமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. அதைவிட, பண்டிகை முடிந்த மறுவாரம் பிள்ளைகளிடம் விசாரித்தால் வண்ணக் காகிதத்தைத் தவிர வேறொன்றும் அவர்கள் நினைவில் தங்கியிருப்பதில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் முதல் கவலைக்கு ஒரு தெளிவான கோடு இருக்கிறது. ஒரு சமயத்தைப் பற்றி அறிந்துகொள்வது பள்ளியின் வேலை. அதைக் கடைப்பிடிப்பது வீட்டுக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் உரியது. பொதுப்பள்ளிகளில் சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதற்காக ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பு 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட டொலிடோ வழிகாட்டு நெறிகளும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கின்றன. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டால், அதன் 14-ஆவது பிரிவு பிள்ளையின் சமயச் சுதந்திரத்தையும் அதில் வழிகாட்டப் பெற்றோருக்குள்ள உரிமையையும் ஏற்கிறது. 29-ஆவது பிரிவோ, வெவ்வேறு சமயத்தாரிடையே புரிதலையும் நட்பையும் வளர்ப்பதைக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்றாக வைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே காப்பாற்ற முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

நடைமுறையில் இது ஆசிரியரின் வாக்கிய அமைப்பிலேயே தொடங்குகிறது. "இயேசு உயிர்த்தெழுந்த நாள் ஈஸ்டர்" என்று சொல்லாமல், "இயேசு உயிர்த்தெழுந்ததாகக் கிறித்தவர்கள் நம்புகிறார்கள், அதை நினைவுகூரும் நாள் ஈஸ்டர்" என்று சொல்லுங்கள். உங்கள் சொந்தச் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் இதே அமைப்பைக் கைவிடாதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் கூர்ந்து கவனிப்பார்கள்.

வழிபாட்டை நடித்துக் காட்ட வேண்டாம்; அதற்குப் பதிலாக ஒரு பொருளை மேசை மீது வையுங்கள். யூதர்கள் ஹனுக்காவுக்கு ஏற்றும் விளக்கையோ அதன் படத்தையோ வைத்து, எத்தனை சுடர்களுக்கு இடம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்பது என்பார்கள். பண்டிகை எட்டு இரவுகள்தான் என்றதும், ஒன்பதாவது எதற்கு என்று அவர்களே கேட்பார்கள். மற்ற எட்டையும் ஏற்றுவதற்கான சுடர் அது என்று விளக்கி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எருசலேம் ஆலயம் மீட்கப்பட்டு மீண்டும் அர்ப்பணிக்கப்பட்ட வரலாற்றுக்கு அங்கிருந்தே செல்லலாம். யாரும் எதையும் வணங்கவில்லை, ஆனால் எல்லாரும் உற்றுப் பார்த்திருப்பார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பெரும்பாலான அச்சங்கள் அதிலேயே தணிந்துவிடும்.

பதில் 2: கணித ஆசிரியர்

இரண்டாவது கவலைக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். பண்டிகைகளைத் தனித்தனியாக எடுக்காமல், ஏன் அவற்றின் தேதிகள் மாறுகின்றன என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் ஒரே தேதியில் நிற்கிறது. ரமலான் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது. தீபாவளி ஓர் எல்லைக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே புதிராக இருக்கும்.

ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்து, 365 மி.மீ. நீளமுள்ள மூன்று காகிதப் பட்டைகளை வெட்டி, ஒரே வரிசையில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இவை சூரிய ஆண்டுகள். அவற்றுக்குக் கீழே, இடது ஓரம் நேராக இருக்கும்படி, வேறு நிறத்தில் 354 மி.மீ. நீளமுள்ள மூன்று பட்டைகளை ஒட்டட்டும். பன்னிரண்டு பிறைமாதங்கள் கொண்ட ஆண்டு அவ்வளவுதான். முதல் பட்டையின் முடிவில் 11 மி.மீ. வித்தியாசம் தெரியும், இரண்டாவதில் 22, மூன்றாவதில் 33. இஸ்லாமிய நாட்காட்டி இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. அதனால் ரமலான் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையுமாக ரமலான் மாதம் இருமுறை தொடங்கும்.

இப்போது 30 மி.மீ. நீளமுள்ள ஒரு சிறு பட்டையை அந்த இடைவெளியில் ஒட்டச் சொல்லுங்கள். இரு வரிசைகளும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். நிலவை வைத்துக் கணிக்கும் இந்து சந்திரமானப் பஞ்சாங்கத்தில் 'அதிக மாதம்' எனப்படும் கூடுதல் மாதம் அந்தச் சிறு பட்டைதான். யூத நாட்காட்டியும் 19 ஆண்டுகளுக்கு ஏழு முறை இவ்வாறே ஒரு மாதத்தைச் சேர்க்கிறது. ஒரே நிலவைப் பார்த்து வெவ்வேறு மக்கள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள். இந்தப் பட்டைகள் ஆண்டு முழுவதும் சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு பண்டிகையையும் அது வரும்போது அதில் குறித்துக்கொள்ளலாம்.

பதில் 3: ஒரு தாய்

என் மகன் அவனுடைய வகுப்பில் எங்கள் சமயத்தைச் சேர்ந்த ஒரே பிள்ளை. அவனை எழுப்பி, "உங்கள் பண்டிகையைப் பற்றி நீயே சொல்" என்று கேட்பது மரியாதையாகத் தோன்றலாம். அந்தப் பிள்ளைக்கோ அது பெரும் சுமை. பத்து வயதில் ஒரு சமூகத்துக்கே பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கும் வேண்டாம். தானாகப் பேச முன்வந்தால் மகிழ்ச்சியோடு கேளுங்கள். இல்லையென்றால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எல்லா நாளும் கொண்டாட்டமல்ல என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பெரிய வெள்ளி துயரத்தின் நாள். யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பிருந்து மன்னிப்பு வேண்டும் நாள். ஆஷூரா அன்று ஷியா முஸ்லிம்கள் கி.பி. 680-இல் கர்பலாவில் முகம்மது நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்துத் துக்கம் அனுசரிக்கிறார்கள். சுன்னி முஸ்லிம்கள் பலர் அதே நாளில் மூசா நபி காப்பாற்றப்பட்டதை நினைத்து நோன்பிருக்கிறார்கள். இப்படியான நாளில் வகுப்பு முழுவதும் ஒரு பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னால், அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

ஒரே சமயத்துக்குள்ளும் ஒரே கதை இருப்பதில்லை. இந்துக்களில் சிலர் தீபாவளியை இராமன் அயோத்தி திரும்பிய நாளாகவும், சிலர் நரகாசுரன் அழிந்த நாளாகவும் போற்றுகிறார்கள். சமணர்களுக்கு அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். சீக்கியர்கள் குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டையிலிருந்து விடுதலையானதை அதே வேளையில் நினைவுகூர்கிறார்கள். கிறித்தவர்களில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். ஆகவே "இவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்" என்ற வாக்கியம் வகுப்பில் வரவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காகிதப் பட்டைகளை அடுத்த வாரமே தொடங்குகிறேன். இன்னொன்று கேட்க வேண்டும்: ஒரு பிள்ளை எழுந்து, "எங்கள் சாமிதான் உண்மை, அவர்களுடையது பொய்" என்று சொன்னால் என்ன செய்வது?

பதில் 4: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அதட்ட வேண்டாம், வீட்டில் கேட்டதை அந்தப் பிள்ளை நேர்மையாகச் சொல்கிறது. "உன் வீட்டில் அப்படி நம்புகிறீர்கள். அவர்கள் வீட்டில் வேறு விதமாக நம்புகிறார்கள். எது உண்மை என்று இந்த வகுப்பு தீர்ப்புச் சொல்லாது, அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்றுதான் இங்கே படிக்கிறோம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். 'பொய்' என்ற சொல் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை நோக்கி வீசப்பட்டிருந்தால் மட்டும், அந்தச் சொல் நண்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தனியே அழைத்துப் பேசுங்கள். சமயம் இல்லாத வீட்டுப் பிள்ளை "நாங்கள் எதையும் கும்பிடுவதில்லை" என்றாலும் இதே மதிப்போடு ஏற்றுக்கொண்டு, பாடத்தைத் தொடருங்கள்.