பூஸ்ட் பிரஷருக்கு ‘மிகையழுத்தம்’ சரிவராது

வணக்கம். டீசல் வண்டிப் பழுதுநீக்கக் கையேட்டுக்காக நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களில் இரண்டைப் பற்றி எழுதுகிறேன். பூஸ்ட் பிரஷர் என்பது டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்.

> பூஸ்ட் பிரஷர் = மிகையழுத்தம்
> பவர் லாஸ் = திறனிழப்பு

இரண்டிலும் எனக்குத் தகராறு உண்டு, முதலாவதில் கொஞ்சம் அதிகமாகவே.

டர்போவில் கழிவு வாயுவின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்போ டீசலுக்கு அந்தக் காற்று மிகை அல்ல, அன்றாடச் சோறு. அளவு மீறினால்தான் மிகை. அதற்கு வண்டியின் கணினி காட்டும் தனிப் பழுதுக்குறியே இருக்கிறது, பி0234. குறைந்தால் பி0299. உங்கள் சொல்லை வைத்து இரண்டாவதை எழுதிப் பாருங்கள்: ‘மிகையழுத்தக் குறைவு’. மெக்கானிக் கையேட்டை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

என் பரிந்துரை ‘ஊட்டழுத்தம்’. டர்போ காற்றை ஊட்டுகிறது, அவ்வளவுதான். பி0234 ‘ஊட்டழுத்த மிகை’, பி0299 ‘ஊட்டழுத்தக் குறைவு’. சுருக்கி ‘ஊட்டக்குறைவு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அங்கன்வாடி ஞாபகம் வந்துவிடும். பூஸ்ட் லீக் ‘ஊட்டக்காற்றுக் கசிவு’. கசிவு என்பது நீர்மத்துக்குத்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். வாயுக் கசிவு என்று செய்தித்தாளிலேயே வருகிறதே.

இன்னொரு வசதியும் இருக்கிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து விடும் குழாய்) அழுத்தம் தனி அழுத்தம், அதாவது வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்து அளப்பது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும், அது வெளிக்காற்றின் அழுத்தம். பாரத்தோடு மிதிக்கும்போது 200 வந்தால் டர்போ ஊட்டியது 100தான். இந்தக் கழித்தலைச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். ‘மிகை’ என்றால் அந்த 200ஐயே மிகை என்று படித்துவிடுவார்கள்.

போன வருடம் மச்சானின் பிக்கப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். பழநி வழியாகக் கொடைக்கானலுக்கு மளிகை ஏற்றிப் போகிற வண்டி. காலியாக நன்றாக ஓடும். பாரம் ஏற்றி மலைப்பாதையில் ஏறினால் இரண்டாம் கியரிலேயே திணறும், பின்னால் கரும்புகை. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. ஒரு பட்டறையில் டர்போவையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் பார்த்த பெரியவர் ஸ்கேனரை மாட்டி, ஒரு மேட்டில் மிதிக்கச் சொன்னார். மேனிஃபோல்டு அழுத்தம் 130 கிலோபாஸ்கலைத் தாண்டவில்லை. டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியில் கையை விட்டார். விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே கொஞ்சம் எண்ணெய் படிந்திருப்பது சகஜம், வெளியே ஈரமாக இருக்கக் கூடாது என்றார். கழற்றி வளைத்தபோதுதான் வெடிப்பு மீன் வாய் மாதிரித் திறந்தது. ஐடிலில் மூடியே இருக்கும், அழுத்தம் ஏறினால்தான் பிளக்கும். அதனால்தான் அதுவரை யாருக்கும் அகப்படவில்லை.

அவரிடம் ‘ஊட்டழுத்தக் குறைவு’ என்று எழுதினால் புரியுமா என்று கேட்டேன். “காத்து பத்தலைன்னு எழுதுங்க தம்பி” என்றார். அதையும் அடைப்புக்குறிக்குள் போடலாம் என்பது என் கட்சி.

இனி திறனிழப்பு. ஓட்டுநர் பட்டறைக்கு வந்து சொல்வது “இழுவை இல்லை” என்றுதான். ஆகவே பழுதறியும் அட்டவணையின் தலைப்பு ‘இழுவைக் குறைவு’ என்று இருக்கட்டும். ஃபில்டர் அடைப்பு, ஊட்டக்காற்றுக் கசிவு, திறந்தபடி சிக்கிக்கொண்ட இஜிஆர் வால்வு (கழிவு வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடுவது) எல்லாம் அதன் கீழே காரணங்களாக வரட்டும். கிலோவாட்டில் அளந்து சொல்லும் இடத்தில் மட்டும் திறன். அங்கேயும் இலங்கை நண்பர்களுக்குச் சிக்கல்: அவர்கள் பாடநூலில் இது வலு, திறன் என்றதும் வினைத்திறன் நினைவுக்கு வரும். ‘இழுவை’ என்றால் இரண்டு கரையிலும் புரியும் என்று நினைக்கிறேன். ஆனால் ஓடும் வண்டியைக் காற்று பின்னுக்கு இழுப்பதையும் இழுவை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மோதலுக்கு என்னிடம் விடை இல்லை.

லிம்ப் மோடுக்கு ‘நொண்டி ஓட்டம்’ வேண்டாம். பழுது கண்டதும் என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது, ‘தற்காப்பு ஓட்டம்’ போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இழுவை பற்றி யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் என்ன சொல்கிறார்கள் என்பதையும்.