புதுப்பிப்பு: பழிவாங்க மீண்டும் வரும் வில்லி, மூன்றாவது மோதலுக்குப் பிறகு

ஆட்டக்காரர்கள் எரியும் களஞ்சியத்தில் விட்டுச் சென்ற தன் தம்பிக்காகப் பழிவாங்கத் துடிக்கும் காவல்தலைவியை, நான் நடத்தும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) ஆட்டத்தில் செயற்கையாகத் தப்பவைக்காமல் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். முப்பது அடி தூரம் சட்டென இடம்பெயரும் மந்திரத்தை அவளுக்குக் கொடுக்கும்படி பலரும் சொன்னீர்கள். இரண்டாவது மோதலில் எங்கள் மந்திரவாதி அதை எதிர்மந்திரத்தால் முறியடித்துவிட, அவள் ஆற்றங்கரையிலேயே இறந்தாள். பகடை எண்ணை மறைத்து அவளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் ஆட்டக்காரர்கள் நேர்மையாகப் பெற்ற வெற்றியைப் பறிப்பது தவறு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

ஆகவே 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் உள்ள ரெவனன்ட் என்னும் பழிதேடும் பிணமாக அவளை மாற்றினேன். அதன் உடல் அழிந்தாலும் 24 மணி நேரத்துக்குப் பின் ஆவி வேறொரு பிணத்தில் புகுந்துவிடும். பழிக்கு உரியவர் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பதும் அதற்குத் தெரியும். பழிதீர்க்க ஓராண்டுதான் கெடு. அந்தக் கெடுவே கதைக்கு வேகம் கொடுத்தது.

சென்ற அமர்வில், அவர்கள் தங்கள் கையாலேயே புதைத்த விடுதிக்காரரின் உடலில் அவள் வந்தாள். கருகிய தோல் கையுறை ஒன்றை மேசைமேல் வைத்து, “கதவை வெளியிலிருந்து தாழிட்டது யார்?” என்று மட்டும் கேட்டாள். யாரும் பகடையைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து, திருடனாக ஆடும் நண்பர், “நான்தான்” என்றார்.

ஆட்ட நாட்காட்டியில் அவளுக்கு இன்னும் ஏழு மாதங்கள் உள்ளன.