எலிக்காதுச் சிற்றுண்ணி: ஸ்லைடு நிற்க வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலூர்ப் பக்கத்துக் கரட்டுப் புதர்க்காட்டில் வெள்ளெலி, மூஞ்சூறு பிடித்து (உரிய அனுமதியோடுதான்) ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணிகளைச் சேகரிக்கிறோம். பொறியில் கடலையோடு கருவாடும் வைத்தால் மூஞ்சூறும் விழும். விடியுமுன் எடுக்காவிட்டால் எறும்பு மொய்த்துவிடும். எலி செத்து உடல் ஆறினால் தெள்ளு இறங்கிவிடும், அதனால் பிடித்தவுடன் வெள்ளைத் துணிப்பைக்குள். சிற்றுண்ணி அப்படியல்ல, காதுமடலுக்குள் ஆரஞ்சுப் பொடி அப்பினாற்போலக் கொத்தாக ஒட்டியிருக்கும். அதை நுண்ணிடுக்கியால் எடுத்து 70% ஆல்கஹாலில் போடுகிறோம்.

சிக்கல் நுண்ணோக்கி ஸ்லைடில்தான். ஹோயர் திரவத்தில் (சிற்றுண்ணியைக் கண்ணாடியில் பதிக்கும் பசை) ஏற்றி 45 டிகிரியில் ஒரு வாரம் உலர்த்தினாலும் ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து இளகுகிறது. முதுகுத் தகட்டு மயிர்களை அளக்காமல் இனம் சொல்ல முடியாதே! ஓரத்தில் பூசிய நகப்பூச்சும் விரிசல் விடுகிறது. அதற்குப் பதில் கிளிப்டால் (ஈரம் புகாமல் ஓரத்தை அடைக்கும் பூச்சு) பூசுகிறவர்கள் எத்தனை பூச்சு, இடையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? இளகிய ஸ்லைடைப் பிரித்து மறுபடி ஏற்றலாமா?